ஒன்பது வருட வேலைக்கு மூன்று வரி அத்தாட்சி

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் சொன்னவன் நான். பெரிய பொய் என்று சொல்ல முடியாது, மொத்தம் நாலே வரி. ஆனால் அதைக் கொண்டுபோய் ஒரு வெளிநாட்டு அரசாங்கத்தின் விண்ணப்பத்துக்குள் சொருகிவிட்டேன். ஒரு குடும்பத்தின் விசா அந்தரத்தில் தொங்கியது.

அதற்குப் பரிகாரமாக, இந்தக் கதையில் ஒரு வரிகூட இட்டுக்கட்டி எழுதுவதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். வாக்கு வாங்கியவர் எங்கள் கட்டடத்தில் முதல் மாடியில் குடியிருக்கும் லிஃப்ட் மெக்கானிக். ஒவ்வொரு பக்கத்தையும் அவரிடம் காட்டிவிட்டுத்தான் அடுத்த பக்கத்துக்குப் போகிறேன். அடைப்புக்குறிக்குள் கேட்கிற குரல் அவருடையது.

(ஒரு வரிகூட-ன்னு போட்டிருக்கீங்க. பாத்துக்கங்க சார்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மேகம் கறுத்த ஒரு மாலையில், நகரத்தின் மிக உயரமான கட்டடத்தின் உச்சியில், தன்னந்தனியாக ஒரு மனிதன்..."

(உயரமானதெல்லாம் பெரிய கம்பெனிக்காரங்க பாக்கறது. நம்மளுது ஏழு மாடி, எட்டு மாடிதான்.)

சரி, இன்னொன்று: "எறும்பு என்று எல்லோரும் கூப்பிடும் அந்த மனிதரின் சிவந்த கண்களில் சொல்லப்படாத ஒரு சோகம்..."

(சோகமெல்லாம் கிடையாது. வெல்டிங் புகை.)

இனி நேராகவே சொல்லிவிடுகிறேன். அவரை எல்லோரும் எறும்பு என்றுதான் கூப்பிடுவார்கள். தன் எடையைவிடக் கனமான மோட்டாரைத் தோளில் வைத்துக்கொண்டு ஏணி ஏறுகிற ஒல்லி ஆளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? வயது நாற்பத்தொன்று. லிஃப்ட் பழுது பார்ப்பதுதான் பிழைப்பு. அவர் குடியிருக்கும் எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. இதைச் சொல்லி நாங்கள் எல்லோரும் சிரித்து ஓய்ந்துவிட்டோம். நீங்களும் ஒருமுறை சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

அவருக்கு வெளிநாட்டில் ஒரு வேலை காத்திருந்தது. ஏன் போகிறீர்கள் என்று கேட்டேன். நல்ல சம்பளம், பிள்ளைகளின் படிப்பு என்று ஏதாவது சொல்வார் என்று பேனாவைத் திறந்து வைத்திருந்தேன். அவர் சொன்னது இதுதான்: "அங்க ஸ்பேர் பார்ட் கேட்டா மறுநாளே வந்துடுமாம் சார்." சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. காதலைப் பற்றிப் பேசும்போதுகூட சிலருக்கு அந்த வெளிச்சம் வருவதில்லை.

3

விசாவுக்கு இரண்டு சங்கதி வேண்டும். படித்ததற்கு ஒரு சான்று, வேலை பார்த்ததற்கு ஒரு சான்று.

படிப்புச் சான்றிதழ் இருந்தது. அவர் மனைவி பல் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிக் கொடுப்பவர், எதையும் பத்திரப்படுத்துவதில் கெட்டிக்காரர். சான்றிதழை என்றைக்கோ லேமினேட் செய்து வைத்துவிட்டார். பின்பக்கம் அரசாங்க முத்திரை குத்த வேண்டும், பிளாஸ்டிக் உறையைப் பிரித்து எடுத்து வா என்றார்கள் அலுவலகத்தில். ஒரு மதியம் முழுக்க இஸ்திரிப் பெட்டியை லேசாகச் சூடு காட்டிக் காட்டி, புருஷனும் பெண்டாட்டியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை உரித்தார்கள். ஓரத்தில் ஒரு எழுத்து மட்டும் போனது.

வேலைச் சான்றுதான் என்னிடம் வந்தது. "உங்கள் பணிகளை விவரிக்கவும்" என்ற கட்டத்தில் எறும்பு எழுதியிருந்தார்: லிஃப்ட் நின்னா ஓட வைப்பேன். ஓடினா நிக்காம பாத்துக்குவேன்.

"இது பத்தாதாம் சார். நீங்கதான் கதை எழுதறவராச்சே. எனக்கு ஒரு உண்மையை எழுதிக் குடுங்களேன்."

எழுதினேன். பிரேக், கம்பிவடம், கதவு உருளை என்று இரண்டு பக்கம். படித்துப் பார்த்தால் உப்புச் சப்பில்லை. இதைப் படிக்கப் போகும் அதிகாரியை நினைத்துப் பாவமாக இருந்தது. அதனால் கடைசியில் நாலு வரி சேர்த்தேன். கொட்டும் மழை, மின்வெட்டு, நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட நிறைமாதக் கர்ப்பிணி. எறும்பு கையாலேயே சக்கரத்தைச் சுற்றி அவரை இறக்குகிறார்.* எறும்பு என்மேல் இருந்த நம்பிக்கையில் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. மேற்படி கர்ப்பிணி தொடர்பான விபத்து அறிக்கையையும், பராமரிப்புப் பதிவேடுகளில் விண்ணப்பதாரரின் கையொப்பத்தையும் இருபத்தெட்டு நாட்களுக்குள் அனுப்பவும். தவறினால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.

எறும்பு கடிதத்தோடு மேலே என் வீட்டுக்கு வந்தார். பின்னாலேயே அவர் மனைவி.

"சார், யாரு சார் இந்தக் கர்ப்பிணி?"

"நானும் அதைத்தான் கேக்கறேன்" என்றார் மனைவி.

நான் நெளிந்தேன். அன்றைக்கே மன்னிப்புக் கடிதம் எழுதி, நாலு வரியையும் திரும்பப் பெற்றுக்கொண்டேன். வெட்கமாக இருந்தது. முப்பது வருடம் கதை எழுதியவனை முதல்முறையாக ஒருவர், அந்த அதிகாரி, நிஜமென்று நம்பிப் படித்திருக்கிறார், அதுவும் இப்படி.

* குழந்தையை லிஃப்டுக்குள்ளேயே பிறக்க வைக்கலாம் என்றும் ஒரு யோசனை இருந்தது. விட்டுவிட்டேன். நான் செய்த ஒரே நல்ல காரியம் அது.

4

கர்ப்பிணி போனார். கையெழுத்து பாக்கி.

ஒவ்வொரு லிஃப்டுக்கும் மொட்டை மாடியில் ஓர் இயந்திர அறை உண்டு. அங்கே ஆணியில் ஒரு பதிவேடு தொங்கும். மாதம் ஒருமுறை பழுது பார்த்தவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். நாலு நாளில் பதினொரு கட்டடம் ஏறி இறங்கினோம். லிஃப்ட் கடைசி மாடிவரைதான் போகும். அதற்கு மேல் இரும்பு ஏணி. எறும்பு விறுவிறுவென்று ஏறிப் போய், மேலிருந்து என் கையைப் பிடித்து மூட்டை தூக்குவது போல என்னைத் தூக்கிக்கொண்டார்.

ஒன்பது வருடப் பதிவேடுகளையும் புரட்டினேன். மாதா மாதம் ஒரே கையெழுத்து, கடைசி எழுத்துக்கு ஒரு சுழி வைத்து. அது எறும்பின் கையெழுத்து இல்லை.

"இது யாரோடது?"

"என் மச்சானோடதுங்க. என் சம்சாரத்தோட அண்ணன். லைசென்ஸ் அவர் பேர்ல இருக்கு. லைசென்ஸ் உள்ளவங்கதான் போடணும்."

"வேலை யார் செஞ்சது?"

"வேலை நான்தான் சார்."

சொல்லிக்கொண்டே மின்பெட்டியின் கதவைத் திறந்தார். கதவின் உட்பக்கம் முழுக்கப் பென்சில் எழுத்து. தேதி போட்டு, 'பிரேக் பட்டை மாத்தியாச்சு.' இன்னொரு தேதி, 'மூணாம் மாடி கதவு தேயுது, அடுத்த மாசம் பாக்கணும்.' அடுத்த மாதத் தேதி, 'பாத்தாச்சு.' ஒவ்வொன்றுக்கும் கீழே: எறும்பு.

மெக்கானிக்குகளுக்குள் இப்படி ஒரு வழக்கம். பதிவேடு அதிகாரி பார்ப்பதற்கு. கதவின் உட்பக்கம், அடுத்து வந்து பெட்டியைத் திறக்கப் போகும் மெக்கானிக்குக்கு. பதினொரு பெட்டியையும் படம் எடுத்தேன். இருட்டுக்குள் ஒன்பது வருடமாக யாரும் வாசிக்காத ஒரு மாபெரும்...

(வாசிக்காம என்ன? நானே மாசா மாசம் வாசிச்சேன்.)

5

கதைக்கு ஒரு வில்லன் வேண்டாமா? மச்சான் தோதாக அமைந்தார். எறும்பு என்பது யார், உண்மையில் வேலை பார்த்தது யார் என்று சத்தியம் செய்து சொல்ல வேண்டியவர் அவர்தான். சொன்னால், பார்க்காத வேலைக்குக் கையெழுத்துப் போட்டேன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். லைசென்ஸே பறிபோகலாம். சொல்வாரா? எழுதினேன்: "அடுத்தவன் வியர்வையில் தன் பெயரை எழுதி நோகாமல் நோன்பு கும்பிட்ட அந்த மனிதர்..."

எறும்பு கோபப்பட்டு நான் பார்த்தது அப்போதுதான். பென்சிலை வாங்கி அந்த வரியை அவரே அடித்தார்.

(அவருக்கு முட்டி வலி சார். எழுதறதுக்கு முந்தி ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?)

கேட்டேன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஓர் ஏணி சறுக்கி மச்சானின் இரண்டு முட்டியும் போய்விட்டன. வெளியே தெரிந்தால் பராமரிப்பு வேலை எல்லாம் கைவிட்டுப் போகும். அவருக்கு மூன்று பிள்ளைகள். அதனால் எறும்பு மேலே ஏறுவார், மச்சான் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார். லிஃப்ட் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே "மாப்ளே, எதிர்ப்பக்க எடை உரசுது பாரு" என்று போனில் சொல்வார். ஒருமுறைகூடத் தப்பியதில்லையாம்.

இதை யாரிடமும் சொல்வதில்லை என்று இருவருக்குள்ளும் பேச்சு. குறிப்பாக எறும்பின் மனைவியிடம். தெரிந்தால் அண்ணனை நினைத்து அழுது தீர்த்துவிடுவார். அதற்காகவே மச்சான் தங்கை வீட்டுக்குப் படியேறி வருவதில்லை, தெருவிலேயே நின்று பேசிவிட்டுப் போவார். தங்கையோ ஒன்பது வருடமாகப் புருஷனைக் குத்திக்கொண்டிருக்கிறார்: "ஒரு காகிதத்துலயாவது உங்க பேரு இருக்கா? எங்க அண்ணன் முதுகுக்குப் பின்னாடியே ஒளிஞ்சுக்கிட்டு இருங்க." எறும்பு சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடுவார்.

"மச்சான்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்றேன்.

"கேட்டா குடுத்துடுவாரு சார். அதனாலதான் கேக்கல. விசா போனா போகுது."

இன்னும் ஆறு நாள் இருந்தது.

6

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: கெடு முடிகிறது. எறும்பு மறுநாள் வழக்கம்போல ஏணி ஏறுகிறார். கதவில் தேதி போட்டு ஒன்றும் எழுதாமல்...

(எழுதாம எப்படி? அடுத்து வர்றவன் என்ன பண்ணுவான்?)

முடிவு இரண்டு: இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வந்து கதவைத் தட்டுகிறார். "என்னைத் தெரியுதா? அன்னிக்கு மழையில..."

(சார்!)

முடிவு மூன்று: எழுத்தாளரே மச்சான் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடுகிறார்.

இதைக் காலையில் எழுதினேன். எழுதிவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. மத்தியானம் சட்டையை மாட்டிக்கொண்டு போய் அப்படியே செய்துவிட்டு வந்தேன்.

(இது எனக்கு இப்பதான் தெரியுது. அப்புறம் பேசிக்கலாம்.)

7

கெடுவுக்கு மூன்று நாள் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சான் என் வீட்டுக்கு வந்தார். நான் இருப்பது மூன்றாவது மாடி. ஐம்பத்து நான்கு படிகள். கைப்பிடியைப் பற்றி, படிக்கு ஒரு மூச்சு விட்டு ஏறி வந்தார். முதல் மாடியில் தங்கை கதவைத் திறந்து அந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டார். அண்ணன் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு பின்னாலேயே ஏறினார். அவருக்குப் பின்னால் எறும்பு, திருடன் மாதிரி.

மச்சான் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். "எழுதுங்க சார்" என்றார். அவர் சொன்னபடியே எழுதினேன்:

பதிவேட்டில் இருப்பது என் கையெழுத்து.
வேலை செய்தது என் தங்கையின் கணவர், கதவில் எறும்பு என்று எழுதியிருப்பவர்.
ஒன்பது வருடமாக என்னால் ஏணி ஏற முடியாது.

"இன்னும் கொஞ்சம் விரிவா..." என்று இழுத்தேன்.

"வேணாம் சார். உங்க விரிவைப் பத்திக் கேள்விப்பட்டேன்."

எறும்பு காகிதத்தைப் பிடுங்க வந்தார். "லைசென்ஸ் போயிடும் மச்சான்."

"போகட்டுமே மாப்ளே. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில கூப்பிடறாங்க, உக்காந்து பாக்கற வேலை. உக்கார்றதுல எனக்கு ஒன்பது வருஷ அனுபவம் இருக்கு. அத்தாட்சி கேட்டா நீ குடுத்துடு."

நான் சிரித்துவிட்டேன். எறும்பும் சிரித்தார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. மூன்று வரியையும் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஒன்பது வருஷமா?" என்றார் அண்ணனைப் பார்த்து. பிறகு புருஷனிடம் திரும்பினார். "ஒன்பது வருஷமா உங்களை என்னென்ன பேசியிருக்கேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா நீ அவரைப் பேசுவே."

அவருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. புருஷன் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தார், பிறகு அதே தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மச்சான் கையெழுத்துப் போட்டார், அதே சுழியோடு.

8

திங்கட்கிழமை வக்கீல் முத்திரையோடு எல்லாம் போய்ச் சேர்ந்தது. இன்றுவரை பதில் இல்லை. லைசென்ஸ் அலுவலகத்திலிருந்தும் ஒன்றும் வரவில்லை. ஆகவே முடிவு என்னிடம் இல்லை. இட்டுக்கட்ட எனக்கு அனுமதியும் இல்லை.

எங்கேயோ ஒரு மேசையில் ஓர் அதிகாரி பதினொரு படத்தையும் மூன்று வரியையும் வைத்துக்கொண்டு, இதை நம்பலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பார். நீங்களும் இப்போது அதே இடத்தில்தான் இருக்கிறீர்கள். சொல்லப்போனால் உங்களிடம் அவரிடம் இல்லாத ஒரு சான்றும் இருக்கிறது. அதைத் தந்துவிட்டு நான் ஒதுங்கிக்கொள்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் இறங்கிப் போனதை நான் மேலிருந்து பார்த்தேன். முன்னால் அந்த அம்மாள், பையைத் தூக்கிக்கொண்டு, இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே. பின்னால் எறும்பு. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு மச்சான். ஒவ்வொரு படியிலும் எறும்பு ஒரு காலை வைத்துவிட்டு நின்றார். மச்சானின் கால் வந்து சேர்ந்ததும் அடுத்த படி. இரண்டு பேரும் கீழே பார்க்கவே இல்லை. ஒன்பது வருடப் பழக்கம்.

இது நான் என் கண்ணால் பார்த்தது. எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்லத் தயார்.

(இதுல அடிக்கிறதுக்கு ஒண்ணும் இல்லை சார்.)