இமயத்தின் உயரம்

"வல்லத்திராக்கோட்டை வட்டாரக் காளை வளர்ப்போர் அனைவருக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில், ஜல்லிக்கட்டில் அவிழ்க்கப்படும் காளை நூற்று இருபது சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாதென விழாக் கமிட்டி விதித்துள்ளது. அதாவது மூன்றடி ஆறு அங்குலம். கணக்கில் ஐயமுள்ளோர் காலை பத்து முதல் பன்னிரண்டுக்குள் என்னை அணுகலாம். இவண், அடைக்கலம்."

விடிவதற்குள் வாட்ஸ்அப் குழுவில் இந்தச் சாசனம் ஏறிவிட்டது. பன்னிரண்டு வரை அடைக்கலம் சட்டையோடு காத்திருந்தார். ஒருவரும் அணுகவில்லை. ஊரில் எல்லோருக்கும் கணக்கு விளங்கிவிட்டது என்று அவரே சான்றளித்துக்கொண்டார்.

கணக்கு எளிது. ஒரு மீட்டருக்கு மூன்றடி. பள்ளிக்கூடத்தில் படித்த மூன்றடிக் கஜத்துக்குத்தான் யாரோ வேலையற்றவர்கள் பேரை மாற்றிவிட்டார்கள் என்பது அவர் துணிபு. ஒன்று புள்ளி இரண்டை மூன்றால் பெருக்கினால் மூன்று புள்ளி ஆறு. புள்ளிக்கு முன்னால் அடி, பின்னால் அங்குலம். வேறென்ன இருக்க முடியும்?

அவருடைய காளைக்குப் பெயர் இமயம். தெருமுக்கத்து ஃப்ளெக்ஸ் பேனரில் 'ஐந்தடி அசுரன்' என்று போட்டிருந்தார். அசுரனுக்கு மேலே, அசுரனைவிடப் பெரிதாக, அவர் முகம். வீட்டுக்குள் நிலவரம் வேறு. மனைவி புவனேஸ்வரியின் தையல் டேப்பைக் கேட்காமல் எடுத்து அளந்ததில் நாற்பத்தாறு அங்குலம்தான் வந்தது. மூன்றடி பத்து. இருந்தால் என்ன, வேண்டியதைவிட நாலு அங்குலம் கூடுதல். அந்த தைரியத்தில்தான் புதுச் சம்பந்தி வீட்டாரை இமயம் பாயும் அழகைப் பார்க்க அழைத்திருந்தார். அறந்தாங்கியிலிருந்து வேன் பேசியாகிவிட்டது. பதினெட்டு பேர்.

காளைகளை அளந்து தகுதிச் சான்று தரும் முகாமுக்கு டேப்பைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டே போனார். வரிசையில் முன்னால் நின்ற, மச்சான் முறையான பெரியண்ணனின் காளையை ஒரு பார்வை பார்த்தார்.

"என்னா மச்சான், கன்னுக்குட்டிய ஓட்டியாந்துருக்க?"

கால்நடை மருத்துவர் அன்புமொழி அளவுகோலை நிறுத்திக் குறுக்குச் சட்டத்தை இறக்கினார். கன்றுக்குட்டி நூற்று இருபத்து மூன்று. சான்று கிடைத்தது.

அடுத்து இமயம்.

"நூத்திப் பதினேழு. பத்தாதுங்க."

"மேடம், கோல சரியாப் பிடிங்க."

மூன்று முறை பிடித்தார். மூன்று முறையும் நூற்றுப் பதினேழு. அடைக்கலத்துக்கு வேன் கண்ணுக்குள் வந்து நின்றது. போனை எடுத்துத் தட்டினார். ஒன்று புள்ளி ஒன்று ஏழை மூன்றால் பெருக்கினால் மூன்று புள்ளி ஐந்து ஒன்று. முகம் மலர்ந்தது.

"இங்கிட்டுப் பாருங்க மேடம்! மூணு அடி, அம்பத்தொரு அங்குலம்!"

அன்புமொழி விரல்விட்டுக் கூட்டிப் பார்த்தார்.

"அம்பத்தொரு அங்குலம்னா நாலே கால் அடி. அதோட ஒங்க மூணையும் சேத்தா ஏழே கால் அடி வருதுங்க."

"வருதுல்ல? எழுதுங்க!"

"மச்சான், இமயத்து மேல ஏறி நின்னா கோயில் மணிய எட்டி அடிச்சிரலாம் போலயே," என்றார் பெரியண்ணன். வரிசை முழுக்கச் சிரித்தது. இமயம் மட்டும் சிரிக்காமல் சாணி போட்டது.

"அய்யா, அடியும் வேணாம், கஜமும் வேணாம். சென்டிமீட்டர்ல நூத்தி இருவது இருந்தாச் சான்று. மூணு கொறையுது. அடுத்த ஆளு வாங்க."

"இங்கிலீஷ்காரன் அளவ வச்சு நம்ம மாட்ட அளந்தா எப்புடி மேடம் சரியா வரும்?"

"அடியும் அங்குலமுந்தாங்க இங்கிலீஷ்காரன் அளவு."

அதற்கு அடைக்கலத்திடம் பதில் இருந்தது. அதைச் சொல்வதற்குள் புவனேஸ்வரி வந்துவிட்டாள்.

"ஏங்க, காலையிலேர்ந்து டேப்பத் தேடுறேன். எட்டு ஜாக்கெட்டு வெட்டாமக் கெடக்கு. சம்பந்தியம்மா போன் பண்ணுனாங்க, வேன் அட்வான்ஸ் குடுத்துட்டாங்களாம்."

அவர் கழுத்திலிருந்து டேப்பை உருவி, சுருட்டுவதற்காகத் திருப்பினாள்.

அதன் மறுபக்கத்தில் சென்டிமீட்டர் இருந்தது.