மேகலாவின் பன்னிரண்டு நாள்

நாலாவது முறையும் மிஷின் சிவப்பு விளக்கைத்தான் காட்டியது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண் ஈரத் துணியை நீட்டினாள். மேகலா விரல்களைத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தாள். இந்த முறை அழுத்தி வைத்தாள். சிவப்பு.

"அம்மா, உங்க விரல்ல ரேகையே இல்லையே" என்றாள் அந்தப் பெண். குற்றம் சொல்கிற குரல் இல்லை. ஏதோ காணாமல் போனதைத் தெரிவிக்கிற குரல்.

மேகலாவுக்கு அது புதிய சேதி இல்லை. குன்னம் ரேஷன் கடையிலும் அவளுக்குக் கைரேகை விழாது. கண்ணைக் காட்டித்தான் அரிசி வாங்குவாள். இருபத்திரண்டு வருஷமாகச் சின்ன வெங்காயம் ஆய்கிற கை. அரிவாளில் தாளை அறுத்து, வேரைக் கிள்ளி, தோலை உருவிப் போடுகிற வேலை. மற்றவர்கள் ஒரு மூட்டை முடிப்பதற்குள் அவள் இரண்டு முடிப்பாள். அந்த வேகத்துக்குப் பலிகொடுத்தது விரல் நுனியை. அவளோடு வந்த தனம், செங்கமலம், கலியம்மாள் மூவருக்கும் ரேகை பச்சையாக விழுந்துவிட்டது. அவர்கள் வேலைக்கு வந்து ஐந்தாறு வருஷம்தான் ஆகிறது.

இந்த நாலு பேரையும் சென்னை விசா ஆபீஸ் வரை கொண்டுவந்தது தமிழரசன். திருச்சியில் நாடகம் சொல்லிக்கொடுக்கிறவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வெங்காயக் கொட்டகைக்கு வந்தவன், இவர்கள் வேலை செய்துகொண்டே பேசுகிற பேச்சில் மயங்கி, அதையே நாடகமாக்கிவிட்டான். மேடையில் ஒரு குவியல் வெங்காயம். நாலு பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஆய்ந்துகொண்டே மாமியாரையும் மழையையும் மாப்பிள்ளைகளையும் பேசுவார்கள். ஒரு மணி நேரத்தில் குவியல் தீரும், நாடகமும் தீரும். திருச்சியில் கைதட்டினார்கள், புதுச்சேரியில் எழுந்து நின்று கைதட்டினார்கள். இப்போது இத்தாலியிலிருந்து அழைப்பு. ஸ்பொலேட்டோ என்று ஒரு பழைய மலையூர். வருஷா வருஷம் கோடையில் உலகத்து நாடகக்காரர்கள், பாட்டுக்காரர்கள், ஆட்டக்காரர்கள் எல்லாம் அங்கே கூடுவார்களாம். ரஞ்சன்குடியில் இருப்பதுபோல அங்கேயும் உச்சியில் ஒரு கோட்டை உண்டு என்று போனில் படம் காட்டினான்.

மற்ற மூவரும் விமானத்தைப் பற்றிக் கேட்டார்கள், குளிரைப் பற்றிக் கேட்டார்கள். மேகலா வேறு கேட்டாள்.

"அங்க சோறு யாரு தம்பி ஆக்குவா?"

"ஓட்டல்ல போடுவாங்கக்கா."

"பாத்திரம்?"

"அதுவும் அவங்கதான். பன்னெண்டு நாள், தினம் ஒரு மணி நேரம் நாடகம். அவ்வளவுதான் உங்க வேலை."

"மிச்ச நேரம்?"

தமிழரசன் சிரித்தான். "தூங்குங்க."

அந்த ஒரு சொல்லில் மேகலா விழுந்துவிட்டாள். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் விடிந்த பிறகு எழுந்ததே கிடையாது. பிரசவத்துக்குப் பிறகுகூட பதினோராம் நாள் மாட்டுக் கொட்டகையில் நின்றவள். கோட்டையும் வேண்டாம், கைதட்டலும் வேண்டாம். பன்னிரண்டு நாள் யாரும் எழுப்பாத படுக்கை. அதற்காக விமானம் என்ன, கப்பலிலும் போவாள்.

வீட்டில் ஏற்பாடுகள் தடபுடலாக நடந்தன. புருஷன் சாமிதுரை பால் கறக்கப் பழகி, மாட்டிடம் இரண்டு உதை வாங்கினான். விக்கிரமங்கலத்தில் கட்டிக்கொடுத்திருந்த நாத்தனார் கிருஷ்ணம்மாள், ஆனி பதினைந்தாம் தேதி வந்து பன்னிரண்டு நாளும் சமைத்துப் போடுவதாக ஒப்புக்கொண்டாள். கொட்டகை முதலாளி வேறு ஆள் பார்த்துவிட்டார்.

இத்தனைக்கும் நடுவில்தான் இந்தச் சிவப்பு விளக்கு.

மூன்று வாரம் கழித்து இன்னொரு தடவை வரலாம் என்றாள் அந்தப் பெண். அதுவரை வெங்காயம், சோப்பு, சுண்ணாம்பு எதையும் தொடக்கூடாது. தினமும் எண்ணெய் தடவினால் ரேகை மறுபடி எழும்பும். அதற்குப் பிறகு தேதி கிடையாது.

மேகலா பாலிதீன் பையைக் கையில் கட்டிக்கொண்டு பாத்திரம் துலக்கினாள். கொட்டகையில் அரிவாளைத் தொடாமல் மூட்டை தூக்கினாள். விரலுக்குத்தான் ஓய்வு கிடைத்தது, முதுகுக்கு வேலை இரட்டித்தது. ஆனாலும் பதினைந்தாம் நாள் கட்டை விரலை வெயிலில் பிடித்துப் பார்த்தபோது, புதிதாக உழுத கொல்லைபோல மெல்லிய கோடுகள் தெரிந்தன. தனத்திடம் காட்டினாள். "வெதச்சுடுக்கா, மொளச்சுரும்" என்றாள் தனம்.

சென்னைக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள் மாமியார் முத்தாயி அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தாள். மூட்டைக் கயிறு அறுத்து இரண்டு விரலில் வெடிப்பு. முத்தாயி பின்பக்கம் போய் மருதாணி பறித்து, கொட்டைப்பாக்கு சேர்த்து மைபோல அரைத்துக்கொண்டு வந்தாள். சூட்டைத் தணிக்கும், வெடிப்பை ஆற்றும், சீமைக்குப் போகிற மருமகள் வெறுங்கையோடு போகக்கூடாது என்று மூன்று காரணம் சொன்னாள். பத்து விரல் நுனிக்கும் தொப்பி போட்டு, விடிகிறவரை கலைக்காதே என்றாள். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த மாமியார் தன் கையைப் பிடித்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. மேகலா விரலைப் பற்றி நினைக்கவே இல்லை.

மருதாணி நன்றாகப் பற்றியிருந்தது. நுனி பத்தும் கறுப்போடிய சிவப்பு.

மிஷின் அதைப் பார்த்துத் திகைத்துப்போனது. எட்டுத் தடவை வைத்தாள். ஆபீஸ் பெண் சோப்பு கொடுத்தாள், ஆரஞ்சுத் தோலால் தேய்க்கச் சொன்னாள். பெரியவர் ஒருவர் எழுந்து வந்து பார்த்தார். இளசாக எழும்பியிருந்த கோடுகளைச் சாயம் மூடிவிட்டது, மங்க ஒரு மாசம் ஆகும் என்றார். தமிழரசன் கெஞ்சினான், கோபப்பட்டான், வெளியே போய் நின்றுகொண்டான்.

திரும்பி வருகிற பஸ்ஸில் விழுப்புரம் தாண்டிய பிறகுதான் அவன் வாயைத் திறந்தான். நாலு பேர் இல்லாமல் நாடகம் நடக்காது, அதனால் மேகலா இடத்தில் சென்னை நடிகை ஒருத்தியை உட்கார வைக்கப் போவதாகச் சொன்னான். அவளுக்கு விசா ஏற்கெனவே இருந்தது.

"அந்தப் பொண்ணுக்கு ரேகை நல்லா விழுதாமா?" என்று கேட்டாள் மேகலா.

"விழுதுக்கா."

"விழும். வெங்காயம் ஆஞ்சிருக்காதுல்ல."

வீட்டில் மாமியார் கேட்டபோது, மிஷின் ரிப்பேர் என்று சொல்லி முடித்துக்கொண்டாள்.

நடிகை மூன்று நாள் கொட்டகைக்கு வந்து பழகினாள். நல்ல பெண். அரிவாளை எப்படிப் பிடிப்பது, கண்ணெரிந்தால் கையை ஏன் அங்கே கொண்டுபோகக் கூடாது என்று மேகலா பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். ஒரு மணி நேரத்தில் அந்தப் பெண் ஆய்ந்து முடித்த வெங்காயத்தைத் தனம் முறத்தில் அள்ளிப் பார்த்துவிட்டு, இத்தாலிக்காரன் சாம்பாருக்கு இது போதும் என்றாள்.

ஆனி பதினைந்து. தனமும் மற்ற இருவரும் காலையில் வேன் ஏறினார்கள். மேகலா கையசைத்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது, வாசலில் பையோடு கிருஷ்ணம்மாள் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குத் தகவல் சொல்ல எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

"என்ன அண்ணி, போவலயா? அப்ப நான் மத்தியான பஸ்ஸுக்குத் திரும்பிடறேன்."

மேகலா அவளைப் பார்த்தாள். பால் செம்போடு நின்ற சாமிதுரையைப் பார்த்தாள். கொட்டகையில் இவளுக்குப் பதில் ஒருத்தி இந்நேரம் உட்கார்ந்திருப்பாள். அவள் இல்லாமல் நடக்க வேண்டியது எல்லாம் தயாராக நின்றது. அவள்தான் இடறலாக நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

"இரு கிருஷ்ணா" என்றாள். "நான் போயிட்டேன்."

உள்ளறைக்குப் போனாள். பாயை விரித்தாள். படுத்தாள்.

முதல் நாள் சாமிதுரை அது கோபம் என்று நினைத்தான். இரண்டாம் நாள் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டான். மூன்றாம் நாள் கதவருகில் வந்து, தவிட்டுச் சாக்கு எங்கே இருக்கிறது என்று கேட்டான். கண்ணைத் திறக்காமலே மேகலா பதில் சொன்னாள்.

"இத்தாலியில இருக்கறவகிட்ட இதையெல்லாம் கேப்பீங்களா?"

அவன் தலையைச் சொறிந்துகொண்டு போய்த் தானே தேடினான். சாக்கு கிடைத்தது. முத்தாயி வேளைக்குத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள், காலித் தட்டை எடுத்துப் போனாள். ஒருநாள் தட்டை எடுக்கும்போது மேகலாவின் விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மருதாணி விஷயத்தை அவளுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

ஆறாம் நாள் மத்தியானம். அடுப்பை அணைத்துவிட்டு வந்த கிருஷ்ணம்மாள் கதவு நிலையில் சாய்ந்து உட்கார்ந்தாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கும் விக்கிரமங்கலத்தில் நாலு மாடு, ஒரு மாமனார், மூன்று பிள்ளைகள். இங்கே சமைக்க வந்ததே அவளுக்கு ஓய்வுபோலத்தான்.

"அண்ணி."

"ம்."

"இந்தத் திருவிழா வருஷா வருஷம் நடக்குமாமே?"

"ஆமாங்கறாங்க."

கிருஷ்ணம்மாள் கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்தாள். அண்ணன் இல்லை என்று தெரிந்ததும் குரலைத் தணித்தாள்.

"அடுத்த வருஷம் நான் இப்படிப் போறேன். நீ எங்க வூட்டுல வந்து ஆக்கிப்போடு."

மேகலா கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்கிற முகம் இல்லை அது.

"வரேன்" என்றாள். "போறதுக்கு முன்னால தவிடு எங்க இருக்குன்னு மட்டும் உம் புருஷனுக்குக் காட்டிட்டுப் போ."

பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். இன்னும் ஆறு நாள் இருந்தது.