தானா ஓடுற வண்டி

ஞாயிற்றுக்கிழமை மூட்டை கிடையாது. மற்ற நாளெல்லாம் தென்காசி மார்க்கெட்டில் வெங்காயமும் அரிசியும் சுமக்கிற எனக்கு, அந்த ஒரு நாள்தான் முதுகு சொந்தம். அன்றைக்கு நான் போட்டிருந்த திட்டம் ரொம்பச் சின்னது. குற்றாலத்துக்குப் போய், எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆளிடம் உடம்பைக் கொடுத்துவிட்டு, அருவிக்கடியில் போய் நிற்பது. சாரல் பிடித்துவிட்டது. ஒவ்வொரு சீசனுக்கும் இதைத்தான் நினைப்பேன். ஒவ்வொரு சீசனும் ஏதாவது ஒரு மூட்டை குறுக்கே வந்துவிடும்.

துண்டை எடுத்துத் தோளில் போடுகிறேன், வாசலில் ஹாரன்.

“ஏலே சுடலை, ஏறு. குத்தாலம் வழியா வடகரைக்குப் போறேன். சும்மா துணைக்கு வா.”

மந்திரமூர்த்தி. என் கூட்டாளி. ஆம்னி வேன் வைத்து சவாரி ஓட்டுகிறவன். அவன் ‘சும்மா துணைக்கு’ என்று கூப்பிட்டால் என்ன அர்த்தம் என்று இப்போது எங்கள் தெருவுக்கே தெரியும். தள்ளுவதற்கு.

“நான் எண்ணெய் தேச்சுக் குளிக்கல்லா போறேன்.”

“வழியில அருவியில நிறுத்துதேன்லே. நீ குளி. நான் தண்ணி புடிக்கணும். பொறவு வடகரை. இன்னைக்கு வேல்விழியக் கூட்டிட்டு வரலன்னா அவ்வளவுதான். நாளைக்கு அவ செங்கோட்டையில தையல் கடை தெறக்கா. அங்கனயே இருந்துக்கிடுவா.”

சொல்லிக்கொண்டே என் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டான். ஏறிவிட்டேன்.

வேல்விழி அவன் பெண்டாட்டி. அவள் தாய்வீட்டுக்குப் போனதற்கும் இந்த வேன்தான் காரணம். வண்டி பழசு. ஆனால் சித்திரை வரைக்கும் வழியில் நின்றதே கிடையாது. ஸ்டாண்டில் மற்றவர்கள் பெல்ட் போச்சு, பேட்டரி போச்சு என்று தலையில் கைவைத்திருக்கும்போது இவன் காலை ஆட்டிக்கொண்டு டீ குடிப்பான். “என் வண்டி மெக்கானிக் மூஞ்சியப் பாத்ததில்ல. மாசத்துல ஒரு வெள்ளிக்கெழம வேல்விழி இலஞ்சி முருகன் கோயிலுக்கு ஓட்டிட்டுப் போயி பூசை போட்டுட்டு வருவா. மிச்சத்த அவரு பாத்துக்கிடுதாரு” என்பான். வண்டியும் நெற்றியில் சந்தனம் குங்குமத்தோடு திரும்பி வரும். மறுநாள் சத்தமில்லாமல் ஓடும். நாங்களும் நம்பினோம். பின்கண்ணாடியில் ‘முருகன் துணை’ என்று எழுதியே இருக்கிறதே. நான் எழுத்துக்கூட்டி வாசித்த முதல் கண்ணாடி அது.

சித்திரையில் ஒரு கல்யாணப் பந்தியில் இவனுக்கு வாய் நீண்டுவிட்டது. “இவளுக்கு என்ன சோலி இருக்கு? வீடு தானா ஓடுது, வண்டியும் தானா ஓடுது.”

வேல்விழி பாயசத்தை மிச்சம் வைக்காமல் குடித்தாள். இலையை மடக்கினாள். கையைக் கழுவிவிட்டு நேரே வடகரைக்குப் பஸ் ஏறிவிட்டாள். கூப்பிடப் போனவர்களிடம் ஒரே பேச்சு: “தானா ஓடுற வண்டிதான? யாரும் தள்ளாம எங்க வீட்டு வாசலுக்கு வரட்டும். ஏறி வாரேன்.”

அதற்குப் பிறகு வண்டி முதலில் இருமியது. அப்புறம் ஏற்றத்தில் முக்கியது. அப்புறம் எங்கள் தெருவே தள்ளியது.

மந்திரமூர்த்தி பூசை குறைந்துவிட்டது என்று முடிவு கட்டினான். அன்றைக்கு அவன் செய்திருந்த அலங்காரத்தைப் பார்க்கவேண்டுமே! சக்கரத்துக்குச் சக்கரம் எலுமிச்சம்பழம். முன்பக்கம் காற்றுப் போகிற சல்லடையே தெரியாதபடி ஆள்தண்டி சம்பங்கி மாலை, அதற்கு மேல் ஒரு கட்டு வேப்பிலை. முன்கண்ணாடியை மட்டும் விட்டுவைத்திருந்தான், ரோடு தெரிய வேண்டும் என்று.

குற்றாலத்தில் கூட்டமான கூட்டம். வண்டி நிறுத்த இடம் கிடைத்த இடத்தில், அருவித்தண்ணீர் குளிக்கிறவர்களை எல்லாம் தொட்டுவிட்டு வழிந்து வருகிற ஓடை. நான் எண்ணெய்க்காரரைத் தேடிப் போவதற்குள் இவன் கேனை முக்கி நிரப்பிக்கொண்டு வந்துவிட்டான். ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறதாம்.

“மூலிகைத் தண்ணிலே. மனுசனுக்கே நோய் தீருது, வண்டிக்குத் தீராதா?”

“என் குளியல்?”

“திரும்பி வரும்போது குளிலே. எமகண்டம் வந்துரும்.”

ஊற்றினான். கிளம்பினோம்.

ஆம்னியில் என்ஜின் எங்கே இருக்கும் என்று தெரியுமல்லவா? முன்சீட்டுக்கு அடியில். இலஞ்சி வரும்போது எனக்குக் கீழே இளஞ்சூடாக இருந்தது. முதுகுவலிக்கு இதமாகத்தான் இருந்தது. கொஞ்சத்தில் தோசைக்கல் சூடு. நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சீட்டில் படாமல் தொங்க ஆரம்பித்தேன்.

“என்னலே துள்ளுத?”

“வண்டிக்குக் காய்ச்சல்டா!”

சொல்லி வாய் மூடவில்லை, முன்னால் புஸ்ஸென்று சத்தம். மாலைக்குள்ளிருந்து வெள்ளை வெளேரென்று நுரை. சம்பங்கிப் பூவை உதறித் தள்ளிக்கொண்டு, வேப்பிலை வழியாக, ரோட்டில் குமிழ் குமிழாகப் பறக்கிறது. ஸ்கூட்டரில் போன குடும்பம் ஒன்று நின்று போட்டோ எடுத்தது. வாசம் வேறு! பாதி ஷாம்பு, பாதி சீயக்காய்.

பக்கத்தில் ஒரு ஒர்க்‌ஷாப். தள்ளினோம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

உள்ளேயிருந்து கை துடைத்துக்கொண்டு பாரூக் என்கிற பையன்வயது மெக்கானிக் வந்தான். மூக்கை உறிஞ்சினான். “என்ன அண்ணாச்சி, வண்டி தலைக்குக் குளிச்சிருக்கு?” சுற்றி வந்து பின்கண்ணாடியைப் பார்த்தான். “ஏ, இது வேல்விழி அக்கா வண்டில்லா! கொஞ்ச நாளா ஆளையே காணுமேன்னு நெனச்சேன்.”

மந்திரமூர்த்தி கண்ணைச் சுருக்கினான். “அவ கோயிலுக்குல்லா வருவா. ஒனக்கு எப்படித் தெரியும்?”

“கோயிலுக்கும் போவாவ. வண்டிய இங்கன விட்டுட்டுப் போவாவ. நான் ஆயில் மாத்தி, பில்டர் தட்டி, பெல்ட்டு ஹோஸ் எல்லாம் பாத்து முடிக்கதுக்குள்ள கும்பிட்டுட்டு வந்துருவாவ. வந்து அந்தச் சந்தனத்த வண்டி நெத்தியில வைப்பாவ. மாசம் தவறுனதில்ல.”

“அப்பம்… முருகன்?”

“அவரு பாக்காமலா அண்ணாச்சி? பாத்துக்கிட்டுத்தான் இருந்தாரு. ஸ்பேனர மட்டும் எங்கிட்ட குடுத்துட்டாரு.”

நான் சிரித்த சிரிப்பில் எண்ணெய் டின்னில் இடித்துக்கொண்டேன். மந்திரமூர்த்தி சிரிக்கவில்லை. மாலையை அவனே அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்.

பாரூக் சூடு ஆறவிட்டு, வெடித்துப்போன ரேடியேட்டர் ஹோஸைக் கழற்றிக் காட்டினான். “இது முதல்ல லேசாக் கசியும். அப்பமே கொண்டாந்திருந்தா ஒரு டீ குடிக்க நேரத்து வேல.” நுரையெல்லாம் போகக் கழுவி, புது ஹோஸ் மாட்டி, ஓடைத் தண்ணீருக்குப் பதிலாகப் பச்சைக் கூலண்ட் ஊற்றி, பெல்ட்டை இறுக்கினான். சாவியைத் திருப்பினதும் வண்டிக்குப் பழைய குரல் வந்துவிட்டது. நான் துள்ளினேன். ஜெயித்தாச்சு! தள்ளாமல் கொள்ளாமல் வாசல் வரை போய் நிற்கலாம்.

மந்திரமூர்த்தி தோளில் போட்ட மாலையோடேயே செங்கோட்டை தாண்டி ஓட்டினான். வடகரையில் வேல்விழி வீட்டுத் தெருமுனை வந்ததும் என்ஜினை நிறுத்தினான்.

“எறங்குலே. தள்ளுவோம்.”

“வண்டி ஓடுதேடா!”

“ஓடுதுல்லா, அதான். ஓட்டிட்டுப் போய் நின்னா நான் சொன்னது நெசமாயிரும். அது பொய்யி.”

“கிறுக்குப்பயலே, நீ ஜெயிச்சுட்டல்லா!”

“ஜெயிச்சு என்னலே செய்ய? தள்ளு.”

உலகத்தில் ஒரு மனுசன் திருந்தினால் தள்ளுகிறவனுக்குத்தான் கேடு. நல்ல வண்டியை, கண்ணுக்குக் குளிர்ச்சியான வண்டியை, கழுத்தில் மாலையோடு அவன் ஜன்னல்பக்கம் பிடித்துத் தள்ள, நான் பின்னால் முதுகைக் கொடுத்தேன். தெருவில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். “ஏ, தேர் வருதுடே!” என்று ஒருவர் கத்த, நாலுபேர் சேர்ந்து தள்ள வந்தார்கள். வேண்டாம் என்றால் கேட்டால்தானே.

வேல்விழி வாசலுக்கு வந்தாள். மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். நேரே வந்து முன்கதவைத் திறந்தாள், சீட்டைத் தூக்கினாள், குனிந்தாள்.

“ஹோஸ் புதுசு. பாரூக் கைவேலை. பெல்ட்டும் இறுக்கமா இருக்கு. பொறவு என்னத்துக்குத் தள்ளுதிய?”

“தானா ஓடல வேலு,” என்றான் மந்திரமூர்த்தி. மூச்சு வாங்கியது. “எப்பவுமே தானா ஓடல.”

அவள் உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. சம்பங்கி மாலையையும் அவன் மூஞ்சியையும் பார்த்து ஆரம்பித்த சிரிப்பு, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்கிற வரைக்கும் போனது. தெருவே சிரித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ப் பையை எடுத்து வந்தாள்.

“கடை கடைதான், பாத்துக்கிடுங்க. நாளையிலருந்து காலையில என்னைச் செங்கோட்டையில கொண்டு விடணும்.”

“விடுதேன்.”

“வெள்ளிக்கெழம வண்டிகூட நீங்களும் இலஞ்சிக்கு வரணும். கோயிலுக்கும், பாரூக்கிட்டயும்.”

“வாரேன்.”

ஓட்டுகிற சீட்டில் அவளே உட்கார்ந்தாள். “இப்படியே தள்ளிக்கிட்டே தென்காசி வரைக்கும் வாரியளா, இல்ல ஏறுதியளா?”

பின்சீட்டில் நான் நீட்டி விழுந்தபோது என் முதுகும் முட்டியும் மாறி மாறி மளுக்கென்றன. வேல்விழி கண்ணாடியில் பார்த்தாள்.

“சுடலையண்ணே, இது என்ன சத்தம்? ஒங்களுக்கு எண்ணெய் போட்டு எத்தன சீசனாச்சு?”

அவள் கேட்டது மட்டுமில்லை, குற்றாலத்தில் நிறுத்தியும் விட்டாள். எண்ணெய்க்காரர் என்னைக் கவிழ்த்துப்போட்டு முதுகில் படபடவென்று தட்டும்போது, எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அந்த நேரம் பார்த்து, எண்ணெய் வழிகிற கண்ணைத் திறக்கிறேன்: மந்திரமூர்த்தி பழக்கதோசத்தில் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடைப்பக்கம் போய்க்கொண்டிருக்கிறான்.

“கேனக் கீழ வைங்க!” என்று வேல்விழி போட்ட சத்தம் அருவிச் சத்தத்துக்கு மேலே கேட்டது. குளித்துக்கொண்டிருந்த ஆளெல்லாம் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டார்கள்.