வெண்ணிலாவின் கன்னமும் ஒரு சொம்பு கூழும்

1

எல்லோரும் சௌக்கியமா? வயிறு எப்படி இருக்கிறது? உடம்பை விசாரித்தால் "நல்லா இருக்கேன்" என்று ஒரே வார்த்தையில் தப்பித்துவிடுவீர்கள். வயிற்றைக் கேட்டால்தான் மனுஷர்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள்.

இந்தக் கதை ஒரு தயிர் டப்பாவின் மூடியில் ஆரம்பித்தது. தாம்பரம் மார்க்கெட்டில் வாங்கினேன். உள்ளே கோடிக்கணக்கில் உயிருள்ள நல்ல கிருமிகள் இருப்பதாக மூடியில் போட்டிருந்தது. இத்தனை பேரை ஃபிரிட்ஜில் வைத்துக்கொண்டு ஒரு கிழவியால் நிம்மதியாக டிவி பார்க்க முடியுமா? அவர்களுக்கு ஏதாவது வேலை கொடுக்கலாம் என்று ஒரு பெண்ணைத் தேடினேன்.

2

முதல் வரி இப்படி இருந்தது: நிலவைப் போன்ற அவள் முகத்தில்...

விட்டுவிட்டேன். நிலவிலும் குழிதான் இருக்கிறது.

இரண்டாவது வரி: இரண்டாயிரத்து எட்டு, ஆடி மாதம், இரும்புலியூரில் வெண்ணிலா என்று ஒருத்தி. இது இருக்கட்டும்.

வெண்ணிலா உள்ளூர் கேபிள் சேனலில் சாயங்காலச் செய்தி வாசிப்பவள். தண்ணீர் லாரி எப்போது வரும், எந்தத் தெருவில் கரண்ட் இருக்காது, யாருடைய மாடு காணாமல் போனது. தாம்பரம் பாலத்தைத் தாண்டினால் அவளை யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் ஊரே வாயை மூடிக்கொண்டு அவளைக் கேட்கும். அது போய்விட்டால் அவளுக்கு வேறெதுவும் இல்லை.

கேபிள் முதலாளி சம்பத் புதுக் கேமரா வாங்கினார். பழையதில் தெரியாத பருவெல்லாம் அதில் தெரிந்தது.

"தப்பா நினைச்சுக்காத தங்கச்சி. உன் கன்னம் மட்டும் தனி சேனல் மாதிரி ஓடுது. ஆடி முடியறதுக்குள்ள சரி பண்ணிக்கோ. இல்லன்னா நிஷாவை உக்கார வெச்சிடுவேன்."

(நிஷா யார் என்று கேட்காதீர்கள். மிரட்ட ஒரு பெயர் தேவைப்பட்டது. அவள் கதைக்குள் வரமாட்டாள்.)

3

தோல் டாக்டர் ஒரு களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டு வயிற்றைப் பற்றி விசாரித்தார்.

"பஜ்ஜியை நிறுத்தும்மா. மோர், புளிச்ச கூழ் இந்த மாதிரி சாப்ட்டுப் பாரு. சில பேருக்கு வயிறு சரியானா முகமும் அடங்குது. எல்லாருக்கும்னு சொல்லமாட்டேன்."

[இங்கே குடலைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். கிருமிகள் சங்கம் வைத்துத் தேர்தல் நடத்தின. படித்துப் பார்த்தால் அவை வெண்ணிலாவைவிட நன்றாகப் பேசின. எடுத்துவிட்டேன்.]

அம்மா கங்கையம்மாள் கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைத்தாள். வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை. வெண்ணிலா லீவு போட்டுவிட்டு, சிவந்த முகத்தோடு ஜன்னலோரம் உட்கார்ந்து சொம்பு சொம்பாகக் கூழ் குடித்தாள்.

எதிர்வீட்டு முத்தாலம்மாள் பார்த்தாள். ஆடி மாதம். முகமெல்லாம் சிவப்பு. கூழும் மோரும். தாளிக்கிற வாசனையே இல்லை. பெண் வெளியே வருவதில்லை. அம்மை கண்ட வீட்டுக்கு இதைவிட வேறென்ன அடையாளம் வேண்டும்? நேராக வந்து வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்தைச் செருகிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"இன்னா கங்கா, வூட்ல அம்மா வந்துகீது, ஒரு வார்த்தை சொல்லல நீ?"

"ஐய, அது வெறும் பருதான்க்கா."

"மெதுவா பேசு. ஆத்தா காதுல வுழுந்துறப் போவுது. பருவாமே பரு."

அவள் போனதும் வெண்ணிலா வேப்பிலையை எடுக்க எழுந்தாள். அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கட்டினதை நம்ம கையால அவுக்கறதா? அப்புறம் நெஜமாவே வந்துட்டா யாருடி பாக்கறது?"

"அப்ப வேலைக்கு எப்படிம்மா போறது?"

"தலைக்குத் தண்ணி ஊத்தினப்புறம் போ."

"எனக்குத்தான் எதுவும் வரலையே."

"வரலைன்னாலும் ஊத்தித்தான் அனுப்பணும்."

4

கதாநாயகியை வீட்டுக்குள் பூட்டிவிட்டேன். இனி எப்படி நகர்த்துவது என்று தெரியாமல் சம்பத்தை அனுப்பினேன். கேமராவோடு வந்தவர் வாசலைத் தாண்டவில்லை.

"நிஷாவைக் கூப்ட்டேன். ஆத்தா வந்த பொண்ணோட நாற்காலில உக்கார மாட்டேன்னுட்டா. நியூஸ் நிக்கக் கூடாது தங்கச்சி. ஜன்னலாண்ட உக்காந்து படி, நான் ரோட்லேர்ந்து எடுத்துக்கறேன்."

ஜன்னல் கம்பிக்கும் வேப்பிலைக்கும் பின்னாலிருந்து அன்று செய்தி வந்தது. தண்ணீர் லாரி அவள் சொன்ன நேரத்துக்கு வந்து நின்றது. அதற்கு முன் நடந்திராத அதிசயம். ஆத்தாவே வாக்கு சொல்கிறாள் என்று மறுநாள் டிவி முன்னால் கற்பூரம் ஏற்றினார்கள். முடிச்சூரிலிருந்து கனெக்‌ஷன் கேட்டு ஆள் வந்தது. ஒரு வீட்டில் டிவிக்கே கூழ் ஊற்றிவிட்டார்கள். ரிப்பேர்காரர் திறந்து பார்த்து, "நல்லா புளிச்சிருக்கு" என்றார்.

5

ஆடி முடிவதற்குள் முகம் தெளிந்துவிட்டது. கூழா, களிம்பா, பஜ்ஜியை விட்டதா, நன்றாகத் தூங்கியதா? எழுதியவளுக்கே தெரியாது. வெண்ணிலா கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். விரல் எங்கேயும் தடுக்கவில்லை. நாளைக்குத் தலைக்குத் தண்ணீர், அதன் பிறகு நாற்காலி.

சம்பத் பார்த்தார். முகம் தொங்கிவிட்டது.

"இன்னா தங்கச்சி, இப்படிப் பண்ணிட்ட?"

"நீங்கதானே அண்ணா சரி பண்ணச் சொன்னீங்க."

"சொன்னேன். இப்ப ஆத்தா எங்கன்னு ஊரே போன் பண்ணுதே. இந்தா." ஜன்னல் கம்பி வழியாக ஒரு பொட்டலத்தை நீட்டினார். காகிதம் எண்ணெயில் கண்ணாடியாகியிருந்தது. மிளகாய் பஜ்ஜி. "ரெண்டு மூணு வரவெச்சுக்கோ, போதும். இல்லன்னா நிஷாவுக்கு நேத்துலேர்ந்து நெத்தில நாலு வந்துகீது."

(வரமாட்டாள் என்று சொல்லியிருந்தேன். என்னைக் கேட்காமல் பருவோடு வந்து நிற்கிறாள்.)

6

ஒரு முடிவு: வெண்ணிலா பஜ்ஜியைத் தின்று... வேண்டாம். அந்த டாக்டர் முகத்தில் நான் எப்படி முழிப்பது?

இன்னொன்று: ஆத்தா குளிர்ந்துதான் முகம் தெளிந்தது என்று ஊரே கும்பிட்டு... இதில் கூழுக்குப் பேரே கிடைக்காது.

ஜன்னல் மேடையில் ஒரு பக்கம் கூழ்ச் சொம்பு, இன்னொரு பக்கம் பஜ்ஜி. தெருவில் முத்தாலம்மாள் கற்பூரத்தட்டோடு நிற்கிறாள். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. வெண்ணிலா கேமராவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்க்கிறாள்.

"ஆயா, சீக்கிரம் எழுதுங்க. பஜ்ஜி ஆறுது."

எனக்குக் கை ஓடவில்லை. அவள் இடத்தில் நீங்கள் எதை எடுத்திருப்பீர்கள்? உங்கள் கன்னத்துக்கும் வயிற்றுக்கும் நடந்த பஞ்சாயத்து எப்படி முடிந்தது என்று எனக்கு எழுதுங்கள். அதுவரை அவள் கை நடுவிலேயே நிற்கும்.