மரத்தளத்துக்குத் தாம்பாளம்

கோட்டையூரில் தேனம்மை தன் பூர்வீக வீட்டிலேயே நடத்தும் விருந்தினர் விடுதியின் நீச்சல் குளத்தருகே இருந்த மரத்தளம், மாசி மாதத்தில் ஒரு பிரெஞ்சு விருந்தாளியின் காலை முழங்கால் வரை விழுங்கியது. காலுக்குச் சிராய்ப்போடு போயிற்று. விருந்தாளி சிரித்துக்கொண்டே அந்தப் பள்ளத்தைப் படம் எடுத்துக்கொண்டார். தேனம்மைக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அன்று மாலையே கடப்பாரையை எடுத்து, உடைந்த பலகையைத் தன் கையால் நெம்பித் தூக்கினாள். கீழே தாங்கிய சட்டம் காபியில் நனைத்த ரஸ்க்காகக் கிடந்தது. பலகைகளுக்கு நடுவே தண்ணீர் வடிவதற்காக விட்ட இடுக்குகள் அனைத்திலும் வெள்ளைச் சிமெண்டு அடைத்திருந்தது. ஓரங்களில் இறங்கிய தண்ணீர் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி, மரத்தைத் தின்றிருந்தது.

அடைக்கச் சொன்னவர் அவளைப் பெற்ற அப்பச்சி, தண்டாயுதபாணி. பிறந்தது முதல் விரிசல் காணாத தரையில் நடந்து பழகிய கால் அவருடையது. ஆத்தங்குடித் தரைக்கல்லை நாள்தோறும் கழுவி, தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்து, குனிந்தால் முகம் தெரியும்படி வைத்திருக்கும் வீடு அது. அந்தக் கண்ணுக்குப் பலகை இடுக்கு, வேலைக்காரன் விட்ட குறையாகத் தெரிந்தது. தளம் போட்ட புதிதில் அவர் வெற்றிலை போட உட்கார்ந்தபோது ஒரு பாக்கு உருண்டு இடுக்கில் விழுந்தது. இதெல்லாம் ஒரு தரையா என்று கேட்டு, போட்ட காண்டிராக்டர் வீரபாண்டியனையே திரும்ப அழைத்து அத்தனையையும் அடைக்க வைத்தார். வீட்டு வேலை பார்க்கும் ஆயி, கல்தரையைக் கழுவுவது போலவே மரத்தையும் வாளி வாளியாகக் கழுவினாள், எண்ணெயும் துடைத்தாள். ஒருவருக்கும் கெட்ட எண்ணமில்லை. எல்லோரும் சேர்ந்து, சிரத்தையோடு, ஒரு நல்ல மரத்தைக் கொன்றார்கள்.

புதுப்பிக்கச் சென்னைக் கம்பெனி ஒன்றை அழைக்கலாம் என்றார் தண்டாயுதபாணி. தேனம்மை மறுத்தாள். போட்டுவிட்டுப் போகிறவன் வேண்டாம். ஒரு பலகை துருத்தினால் மறுநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்து நிற்கிற ஆள் வேண்டும் என்பது அவள் கட்சி. வருகிறவர்களிடம் கேட்க ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டாள்: பலகை இடுக்கை என்ன செய்வீர்கள்?

முதலில் வந்த ரவிக்குமார் காரைக்குடிக்காரர். அளவெடுக்க அழகான கருவியெல்லாம் கொண்டு வந்தார். கேள்வி கேட்டவள் தேனம்மை. பதில் போன இடமோ சாய்வு நாற்காலியில் இருந்த தண்டாயுதபாணி. மூன்றாம் முறையும் அப்படியே நடந்த பிறகு, வீட்டு ஆண்கள் யாராவது உட்கார்ந்து பேசினால் சௌகரியமாக இருக்கும் என்றும் சொல்லிவைத்தார். அவருக்குக் காபி கொடுத்து வழியனுப்பினாள். அடுத்து வீரபாண்டியன் வந்தார். அப்பச்சி சொன்னபடியே இந்த முறையும் கெட்டியாக அடைத்துத் தருவதாக உறுதி கூறினார். அவருக்கும் காபி.

மூன்றாவதாக வந்தவள் பொன்னழகு. மூன்று தச்சர்களை வைத்துக்கொண்டு, கோட்டையூர்ச் சாலையில் சொந்தப் பட்டறை நடத்துகிறவள். வந்ததும் செருப்பைக் கழற்றி, உடைந்த பலகை ஓரத்தில் குந்தி, மூக்கைச் சுளித்தாள். தேனம்மை தன் கேள்வியைக் கேட்டாள்.

"தெறந்து விடுவேன், ஆச்சி. அடைக்கணும்னா வேற ஆளப் பாருங்க. தண்ணி போகாத மரத்துக்கு நான் பேரு குடுக்க மாட்டேன்."

சொல்லை மட்டும் நம்பிவிடவில்லை தேனம்மை. கானாடுகாத்தானில் பொன்னழகு ஒரு வீட்டு மாடியில் போட்ட தளத்தை நேரில் போய்ப் பார்த்தாள். இரண்டு மழைக்காலம் தாங்கியிருந்தது. மண்டியிட்டு, கைப்பேசி விளக்கை அடித்து, அடிச்சட்டத்தை நகத்தால் கீறிப் பார்த்தாள். நகம் இறங்கவில்லை. வேலையைப் பொன்னழகுக்கே கொடுப்பதென்று முடிவாயிற்று.

கொடுப்பது யார் என்பதில்தான் வீடு இரண்டாயிற்று.

அந்த வீட்டில் கட்டட வேலை எதுவானாலும், தொடங்கும் காலையில் வெற்றிலை, பாக்கு, பழம், முன்பணம் எல்லாவற்றையும் வெள்ளித் தாம்பாளத்தில் வைத்து வேலைக்காரர் கையில் கொடுப்பது வழக்கம். தண்டாயுதபாணிக்கு இப்போது கை நடுங்குகிறது. ஆகவே காரைக்குடியிலிருந்து தம்பி மகன் முத்துக்கருப்பன் வந்து கொடுக்கட்டும் என்றார். முத்துக்கருப்பன் டயர் கடை வைத்திருப்பவன். மரத்தளத்தின் மேல் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. தேனம்மை ஏன் கொடுக்கக் கூடாது என்பதைக் கிழவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவள் கணவனை இழந்தவள்.

அவள் கை சமைக்கலாம்; அந்தச் சோற்றை ஊர் உண்ணலாம். அவள் கை கையெழுத்திடலாம். வங்கி அதை மதிக்கலாம். உலகின் மறுகோடியிலிருந்து வருகிறவர்களுக்கு அவள் கை கதவு திறக்கலாம். அந்தக் கை நான்கு வெற்றிலையை நீட்டினால் மட்டும் மங்கலம் கெட்டுவிடுமாம். தாலி ஒரு கழுத்திலிருந்து இறங்கியதற்குத் தாம்பாளம் ஏன் வழக்குத் தொடுக்க வேண்டும்? சட்டம் எழுதாத இந்தத் தண்டனையை எழுதியவர் யார்? தேனம்மை மேடை ஏறிப் பேசுகிறவள் அல்லள். ஆனால் இவ்வளவும் அவளுடைய நெஞ்சுக்குள் முழங்கிக்கொண்டுதான் இருந்தது. இது தன் விடுதி, தான் தேடிய ஆள், தான் பொறுப்பேற்ற வேலை. தாம்பாளம் தன் கையில்தான் புறப்பட வேண்டும். விட்டுக்கொடுத்தால் தன் வீட்டிலேயே தான் மேஸ்திரி, வேறொருவர் முதலாளி.

இரவுச் சாப்பாட்டில் தகப்பனுக்கு இட்லியை எடுத்து வைத்தபடி கேட்டாள்.

"போன தடவ நல்ல நேரம் பாத்து, ஒங்க கையாலதானே குடுத்தீக, அப்பச்சி? மரம் நின்னுச்சா?"

அவர் சட்னி கேட்டார். 

செய்தி பொன்னழகுக்கும் எட்டியது. மறுநாள் பலகை இறக்க வந்தவள், சாய்வு நாற்காலிக்கு நன்றாகக் கேட்கும் குரலில் சொன்னாள்: "எங்கிட்ட யாரு வேல சொல்றாகளோ அவுக கையாலதான் வாங்குவேன். காரைக்குடி அய்யாவுக்கு மரத்தளம் வேணும்னா சொல்லுங்க, டயர் கடையில போட்டுத் தாரேன்."

தொடக்க நாள் விடிந்தது. வெள்ளித் தாம்பாளம் தண்டாயுதபாணியின் அறைப் பெட்டியில். சாவி அவர் இடுப்பில். கேட்டு மன்றாடத் தேனம்மைக்கு மனமில்லை. சமையலறையில் பணியாரம் வைக்கும் எவர்சில்வர் தட்டைக் கழுவி, அதில் வெற்றிலை, பாக்கு, பழம், முன்பணம் அடுக்கி எடுத்துக்கொண்டு குளத்தருகே வந்தாள். பொன்னழகும் தச்சர்களும் காத்திருந்தார்கள். முத்துக்கருப்பனும் வந்து சேர்ந்தான். தட்டையும் அக்காளின் முகத்தையும் பார்த்தான்.

"யாரு குடுத்தா என்னக்கா? கடை தெறக்கணும், சட்டுன்னு முடிங்க. பணியாரம் மிச்சம் இருக்குல்ல?"

அப்போது உள்ளிருந்து தடி ஊன்றும் ஓசை வந்தது. தண்டாயுதபாணி வந்தார், கக்கத்தில் வெள்ளித் தாம்பாளம். எவர்சில்வர் தட்டை வெறுப்போடு பார்த்தார். நடுங்கும் விரல்களால் வெற்றிலைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தாம்பாளத்தில் மாற்றினார். வெற்றிலை நுனி எந்தப் பக்கம் இருக்க வேண்டுமோ அந்தப் பக்கம் திருப்பியும் வைத்தார். பிறகு மற்றவற்றையும் மாற்றி, தாம்பாளத்தை மகளிடம் நீட்டினார்.

"இதுல வச்சுக் குடு, தேனு. பணியாரத் தட்டுல குடுத்தா ஊரு என்னயத்தான் கேக்கும்."

தேனம்மை வாங்கினாள். இரண்டு அடி முன்னே வைத்து, பொன்னழகின் கையில் கொடுத்தாள். பொன்னழகு கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நல்லாருப்பீக ஆச்சி," என்றாள். முத்துக்கருப்பன் சமையலறைப் பக்கம் நடையைக் கட்டினான்.

சித்திரை பிறப்பதற்குள் தளம் எழுந்துவிட்டது. பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஒரே அளவில் இடுக்கு; குளத்துத் தண்ணீர் சிதறினால் நிற்காமல் கீழே போயிற்று. கழுவக் கூடாது, பெருக்கினால் போதும் என்று பொன்னழகு சொல்லிவிட்டுப் போனதில் ஆயிக்கு மட்டும் மனக்குறை. விளக்குமாற்றைக் கையில் வைத்துக்கொண்டு, இதெல்லாம் ஒரு சுத்தமா என்று முனகினாள்.

ஒரு மாலை தண்டாயுதபாணி அங்கே நாற்காலி போடச் சொல்லி, வெற்றிலை போட்டார். விரல் நழுவி ஒரு பாக்கு உருண்டது, இடுக்கில் விழுந்தது. தேனம்மை எட்டிப் பார்த்தாள். கிழவர் குனிந்து, இருட்டுக்குள் ஒரு கணம் நோக்கினார்.

"போகட்டும்," என்றார். "வேற பாக்கு எடுத்துட்டு வா. அந்தத் தாம்பாளத்துல வச்சே கொண்டா."