கயிற்றின் கனம்

மூன்றாம் மாடிச் சன்னலுக்கு வெளியே, ஒரு முழ அகலமே உள்ள சிமெண்ட் விளிம்பில் தங்கை குந்தியிருந்தாள். அறைக்குள் அண்ணன் தரையில் அமர்ந்து, சுவரில் இரு கால்களையும் முட்டுக்கொடுத்து, அவள் இடுப்பு வாரிலிருந்து வந்த கயிற்றைத் தன் இடுப்பில் சுற்றிப் பிடித்திருந்தான்.

அச்சகத்தில் தாள் வெட்டிப் பிழைத்துக்கொண்டு அவனே எழுதி இயக்கும் படம் அது. வெளியார் பணம் ஒரு காசு கிடையாது. தங்கைதான் நாயகி. திருமணங்களைப் படம்பிடிக்கும் அவள் கணவன் எதிர்மாடியில் கேமராவோடு நின்றான். சண்டைப் பயிற்சியாளரை அழைக்க வழியில்லாததால், கயிறு பிடிக்கும் பொறுப்பு இயக்குநர் தலையிலேயே விழுந்தது. சன்னலுக்குக் கீழே உட்கார்ந்தவனுக்கு வெளியே நடப்பது ஒன்றும் தெரியாது என்பதை மூவரில் ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

"மச்சான், கயிறு கண்ணுல படல," என்றான் மாப்பிள்ளை தொலைபேசியில். "நீங்க மட்டும் தலையைத் தூக்கிடாதீங்க. அந்த வழுக்கை வெயில்ல மின்னும்."

"தூங்கிடாத அண்ணா," என்றாள் தங்கை வெளியிலிருந்து. "பிடிச்சிருக்கிறது மூட்டை இல்ல, உன் ஹீரோயின்."

"மூட்டையா இருந்தா வாய் பேசாது. பாப்பா, ஞாபகம் இருக்கட்டும். நான் கட் சொல்ற வரைக்கும் நிறுத்தாத. எழுதின வசனத்துக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம்."

பாதியில் சிரித்துப் பல காட்சிகளைக் கெடுத்தவள் அவள். மூன்று வாரம் உருப்போட வைத்துத்தான் இந்த விதியை அவளுக்குள் ஏற்றியிருந்தான்.

காட்சி தொடங்கியது. அவள் விளிம்போடு தவழ்ந்து நகர, கயிறு உயிருள்ள பொருள்போல் அவன் இடுப்பை இழுத்தது.

"கால் நழுவுது. யாராவது வாங்க."

குரலில் இருந்த நடுக்கம் அவனுக்கு மெய்சிலிர்ப்பைத் தந்தது. வசனம் அவ்வளவுதான். ஆனால் அவள் மீண்டும் சொன்னாள்.

"கால் நழுவுது. யாராவது வாங்க."

அக்கணத்தில் கயிறு கனமிழந்தது. கை அதை அறிந்தது. ஆயினும் மூன்றாம் முறை அவள் வாய் திறந்தபோது, அந்தச் சொற்கள் முடியட்டும் என்று செவி காத்திருந்தது. முடிந்த பின்னரே இழுத்தான். கொக்கி கழன்ற வெற்று வார் சன்னலைத் தாண்டி அவன் மடியில் விழுந்தது.

எழுந்து எட்டிப் பார்த்தான். ஓராள் தூரத்தில் சுவர் விரிசலில் விரல்களைச் செருகிக்கொண்டு, ஒரு கால் வெளியில் தொங்க, அவள் ஒட்டிக்கிடந்தாள். கூவினால் திடுக்கிட்டு விழுந்துவிடுவாள்.

"கட்," என்றான், உறங்கும் குழந்தையின் அருகில் பேசுவதுபோல்.

"கட்னா நான் எப்படி உள்ள வர்றது?" உதடு அசையாமல் கேட்டாள்.

சன்னலோரம் கிடந்த கட்டிலின் காலில் பாதத்தைக் கோத்து, சன்னலில் வயிறு அழுந்த வெளியே சாய்ந்தான். பிள்ளைப் பருவம் முதல் நாள்தோறும் ஓதிய பதிகத்தின் முதல் அடிகூட நாவில் எழவில்லை. அடைக்கலம், அடைக்கலம் என்ற ஒரு சொல்லே நெஞ்சில் அடித்துக்கொண்டது.

"இடது கையை மட்டும் எடு, பாப்பா."

"எது இடது?"

"என் பக்கம் இருக்கிறது."

நெடுநேரம் அந்தக் கை வரவில்லை. வந்தபோது வியர்வையில் வழுக்கியது. மணிக்கட்டைப் பற்றி, தோள்மூட்டு பிசகுமளவுக்கு இழுத்து, அவளோடு தரையில் விழுந்தான்.

தொலைபேசி ஒலித்தது. "மச்சான், நீங்க ஏன் ஃப்ரேமுக்குள்ள வந்தீங்க? என்ன நடிப்பு! நான் அழுதுக்கிட்டே எடுத்தேன்."

தங்கை வாரை எடுத்துக் கொக்கியைப் புரட்டிப் பார்த்தாள்.

"கயிறு எப்போ லேசாச்சு, அண்ணா?"

பொய் சொன்னால் கேட்பாரில்லை. கயிற்றைப் பிடித்திருந்த கை அவனுடையது மட்டுமே.

"நீ ரெண்டாவது தடவை சொன்னப்போ."

"நான் மூணு தடவை சொன்னேன்."

"ஆமா."

அவள் தொலைபேசியை வாங்கினாள். "இங்க வராதீங்க. கீழ இறங்கி நில்லுங்க, நான் வர்றேன்," என்று கணவனிடம் சொல்லிவிட்டு எழுந்தாள். அண்ணன் நீட்டிய கையைப் பார்த்தாள், தொடவில்லை. கைப்பிடிச் சுவரை இரு கைகளாலும் பற்றி ஒவ்வொரு படியாக இறங்கலானாள். பின்னால் வரட்டுமா என்று கேட்கவும் அவனுக்கு அச்சமாக இருந்தது.