ஓடுகிற சத்தம்

அவர் மனைவியின் வயிற்றில் காதை வைத்துப் படுத்திருப்பதைப் பார்த்து, கொழுந்தியாள் அறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"மாமா, என்ன பண்றீங்க? அக்கா போயாச்சு. நர்சும் வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க."

"தெரியும். கொஞ்சம் பேசாம இரு," என்றார் மோட்டார்க்காரர்.

தெருவில் அவருக்கு அதுதான் பெயர். எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்து, புதுச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது தொழில். ஓடுகிற மோட்டாரில் திருப்புளியை ஊன்றி, அதன் பிடியில் காதை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். அந்தக் காதைத்தான் பல வருடமாகக் காலையில் மனைவியின் வயிற்றிலும் வைத்தார். கடகடவென்று சத்தம் கேட்டால் அன்று சூப் கொடுக்கலாம். கேட்காத நாளில் ஒரு வாய் தண்ணீர்கூட மேலே வந்துவிடும், வலி ஆளைச் சுருட்டிப் போட்டுவிடும்.

குடலை நகர்த்தும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்கின்றன என்று டாக்டர் சொல்லும்வரை, அவள் சாப்பிடாததைச் சொந்தபந்தம் வீம்பு என்றது. சொன்ன பிறகு யாரும் எட்டிப் பார்க்கவில்லை. இந்தக் கொழுந்தியாளே இன்றுதான் வருகிறாள். அவருக்கு ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்று, "மோட்டார் நல்லாத்தான் இருக்கு, ஒயர்தான் போச்சு," என்றார் மனைவியிடம்.

"அப்ப பிரிச்சுக் காயில் கட்டுங்க. ஊர்ல எல்லாருக்கும் கட்டுறீங்க, எனக்குன்னா மட்டும் கை வராதே," என்றாள்.

அவளால் சாப்பிட முடியாமல் போனதிலிருந்து அவள் முன்னால் அவர் எதையும் வாயில் வைத்ததில்லை. பட்டறையில் சுவரைப் பார்த்து நின்று, அவசரமாக விழுங்கி, வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார். அவளா ஏமாறுவாள்?

"ஒரு நாளாவது என் எதிர்ல உக்காந்து சாப்பிடுங்க. ஏதோ தனியா குடியிருக்கிற மாதிரி இருக்கு."

"சத்தம் நல்லா ஓடட்டும். சேந்தே சாப்பிடலாம்," என்று தட்டிக்கழிப்பார்.

கடைசி நாட்களில் அந்த வயிறு வாயே திறக்கவில்லை. இப்போது திறந்தது. முதலில் மெல்ல முனகியது, பிறகு நீளமாக, தாராளமாக உருண்டது. அப்படி ஒரு சத்தத்தை அவர் கேட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

"நீயும் கேளு," என்றார்.

கொழுந்தியாள் குனிந்து கேட்டாள். முகம் வெளுத்துவிட்டது. "காத்து மாமா. உள்ள இருக்கிற காத்து நகருது. அப்படித்தான் இருக்கும்."

"காத்துதான். எனக்குத் தெரியாதா?"

எழுந்து சமையலறைக்குப் போனார். வயிற்றைக் கேட்பதற்கு முன்பே தினமும் சூப்பை வைத்துவிடுவது அவர் வழக்கம். இன்று காலையும் வைத்திருந்தார். அதைச் சூடாக்கி, துணியில் சக்கை இல்லாமல் வடிகட்டி, மனைவியின் கோப்பையில் ஊற்றினார்.

"மாமா... இது யாருக்கு?"

அவர் ஸ்டூலைக் கட்டிலுக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவளுக்கு ஆற்றுவதுபோலவே ஊதி ஊதி ஆற்றினார். ஒரு வாய் குடித்தார். உப்பு போட மறந்திருந்தார்.

கொழுந்தியாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தபடி, மெதுவாக, கடைசிச் சொட்டுவரை குடித்தார். வாயைக் கொப்பளிக்க எழவில்லை.